யாருக்குக் கட்டிய வேப்பிலை

எனக்கு வந்தது அம்மை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் இன்னும், செல்விக்கு அம்மை உள்ளுக்குள் போய் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களிடம் தாளை நீட்டிவிடலாம். எழுத்து எனக்குப் புதிதில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். தாலுகா ஆபீசுக்கு மனு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். அடுத்தவர் சொல்லச் சொல்ல அடித்தே பழகியவள், இப்போது முதன்முறையாக என் சங்கதியை அடிக்கிறேன்.

எங்கள் ஊர் பரளச்சியிலிருந்து கருவேலங்காட்டுக்குள் பிரிகிற ரோட்டில் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். என் வீட்டுக்காரர் கருப்பசாமி குட்டியானை வண்டி ஓட்டுகிறார். கரி மூட்டை, பருத்திப் பொதி, கல்யாண வீட்டுப் பாத்திரம், எந்த லோடு கிடைத்தாலும் ஏற்றுவார். மகள் எட்டாவது படிக்கிறாள். அப்புறம் என் மாமியார் வேலம்மாள். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் கூலிக்குக் களை வெட்டியவர், இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பங்குனி வந்தால் மஞ்சள் சேலை கட்டி அக்கினிச்சட்டி எடுக்கிறவர். இந்த நோயில் என்னைவிட அவர்தான் அதிகமாக அடிபட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் மாசியில் ஆரம்பித்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஈறு வீங்கிப் பல்லுக்கு மேல் ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் பல்லெல்லாம் குட்டையாகத் தெரிந்தது. இட்லியைக் கடித்தாலும் ரத்தம் கசிந்தது. உடம்புச் சூடு என்றார் அத்தை. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். நானும் கிராம்புத் தைலத்தைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெயில் ஏறுகிற மாதத்தில் யாருக்குத்தான் அசதி இல்லை.

பங்குனி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. கூடவே நெஞ்சிலும் முதுகிலும் கைகளிலும் சின்னச் சின்னதாகக் கட்டிகள் எழும்பின. பயறு அளவு இருக்கும், சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். அத்தை விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா முத்து எறைச்சிருக்கா தாயி. பேசாமப் படு," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு அம்மை வீடாகிவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மை வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது. புருஷன் தனியே படுக்க வேண்டும். ஊசியும் மாத்திரையும் கூடாது, ஆத்தாளுக்குக் கோபம் வரும். தலையில் சீப்பு வைக்கவே கூடாது. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் படுத்திருக்க வேண்டும். முத்து பழுத்து இறங்கிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தாள் மலையேறிவிட்டாள் என்று கணக்கு. மகளைத் திருச்சுழியில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வீட்டுக்காரர் வண்டியிலேயே படுத்துக்கொண்டார்.

நானும் நம்பினேன். அதைச் சொல்லாமல் விட்டால் அத்தை மேல் மட்டும் பழி விழும். ஊரில் எத்தனையோ வீடு இருக்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அத்தை என்னை நோயாளியாகவா பார்த்தார்? என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். இளநீர் கொடுக்கும்போதும் கூழ் கரைத்துக் கொடுக்கும்போதும் சாமிக்குப் படைக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார். கல்யாணமாகி வந்த நாள்முதல் எனக்கு அப்படி ஒரு மரியாதை அந்த வீட்டில் கிடைத்ததில்லை.

ஆனால் முத்து பழுக்கவில்லை. அம்மைக் கொப்புளம் என்றால் தண்ணீர் கோத்து, உடைந்து, பொருக்குத் தட்ட வேண்டும். என் உடம்பில் இருந்தவை கல்லுப் போலக் கிடந்தன. அத்தை தினமும் விரலால் அழுத்திப் பார்ப்பார். தண்ணி கோக்கலையே தாயி, என்று ஒருநாள் சொன்னார். அப்புறம் அவரே, மெதுவாகத்தான் இறங்குவாள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். முதல் தண்ணீர் ஊற்றுகிற நாள் தள்ளிக்கொண்டே போனது.

ஒருநாள் காலையில் மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. தலைமாட்டில் இருந்த வேப்பிலையெல்லாம் நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் என்னைத் தூக்கினார். அத்தை நிலைப்படியில் கையை விரித்து நின்றார். தண்ணீர் ஊற்றாமல் வாசல் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். தாய் சொல்லை ஒருநாளும் தட்டாத மனுஷன் அன்றைக்கு, "நவுரும்மா," என்று மட்டும் சொன்னார். வண்டி கிளம்பும்போது அத்தையும் பின்னால் ஏறிக்கொண்டார். கரித்தூள் படிந்த அந்தப் பலகையில், மடியில் ஒரு கொத்து வேப்பிலையோடு மதுரை வரைக்கும் உட்கார்ந்து வந்தார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். நம்மைச் சுற்றி எல்லாரும் திடீரென்று மரியாதையாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஒரு பெண். வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எதையும் மழுப்பாமல் சொல்கிறவர். ரத்தப் புற்றுநோய் என்றார்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறந்து வளர்கின்றன. எனக்கு அங்கே வெள்ளை அணுக்கள் முதிராமலே பெருகிவிட்டன. பிஞ்சிலேயே நின்றுபோன அந்த அணுக்களால் ஒரு வேலையும் ஆகாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். அதனால் சிவப்பணு குறைந்து மூச்சு வாங்கியது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் குறைந்து மூக்கில் ரத்தம் நிற்காமல் போனது. இதை உறுதி செய்ய இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். ஆனாலும் உறிஞ்சுகிற அந்த நொடியில் உயிரையே இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு இருந்தது. முதுகுத்தண்டில் குத்தி நீர் எடுத்தார்கள். கையில் இருந்த ஒரு கட்டியிலிருந்து மல்லி விதை அளவுக்குச் சதையை வெட்டி அனுப்பினார்கள். அப்புறம் ஜீன் டெஸ்டுக்கு என்று கொஞ்சம் மஜ்ஜை வெளியூருக்குப் போனது. அதன் முடிவு வர நாளாகும் என்றார்கள்.

தோல் டெஸ்டின் முடிவு முதலில் வந்தது. கட்டிகளும் அதே நோய்தான். மஜ்ஜையிலிருந்து கிளம்பிய பிஞ்சு அணுக்கள் தோலுக்கும் ஈறுக்கும் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று டாக்டர் என்னிடமும் வீட்டுக்காரரிடமும் சொன்னார். அத்தையிடம் நாங்கள் சொல்லவில்லை. அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். ரத்தத்தில் இருப்பது வியாதி, அதை டாக்டர் பார்ப்பார். தோலில் இருப்பது ஆத்தா, அதைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கணக்கு. எங்களுக்கு அதைக் கலைக்க வாய் வரவில்லை.

என்னால் அத்தையோடு பேசவும் முடியவில்லை. அவ்வளவு ஆத்திரம். எத்தனை நாட்களை வேப்பிலையில் படுக்க வைத்தே போக்கிவிட்டார் என்று நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தேன். கடித்தால் ஈறில் ரத்தம் வரும், அதனால் அதையும் நிறுத்த வேண்டியிருந்தது. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கலாம் என்பதால் இருபத்துநாலு மணி நேரமும் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்றால்கூட நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். நர்ஸ் அத்தையிடம் சொல்வார், அத்தை எனக்குக் கொடுப்பார். அவருக்குப் புரியாமல் இல்லை.

மருந்து ஏற ஆரம்பித்தது. ஒன்று செக்கச் சிவப்பாக இருக்கும், சிறுநீரும் அதே நிறத்தில் போகும். கெட்ட அணுவை அழிக்கிற மருந்து நல்ல அணுவையும் விட்டு வைக்காது. அதனால் உடம்பில் எதிர்ப்பு சுத்தமாக இல்லாத நாட்கள் வரும். அந்த நாட்களில் தனி அறை, முகமூடி, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாடு. பழம் கூடாது, பூ கூடாது. அப்படி ஒருநாள் நர்ஸ் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வேப்பங்கொத்து விழுந்தது. பச்சை இலையில் கிருமி இருக்கும்மா என்று சொல்லி அதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டார். அத்தை திருடி அகப்பட்டவர் மாதிரி சுவரோரமாக நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணைக்கு வந்தவர்கள் சமைத்துக்கொள்ள ஒரு கூடம் உண்டு. அத்தை அங்கே போய் நொய்க்கஞ்சி காய்ச்சி, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் எடுத்து வருவார். முகமூடிக்குள் அவர் பேசுவது பாதி கேட்காது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, ஒவ்வொரு கொத்தையும் தரையிலிருந்து பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிளேட்லெட்டுக்கு ஆள் வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற ஸ்டாண்டிலிருந்து நண்பர்கள் ஒரே வண்டியில் ஏறி வந்தார்கள். மூட்டையை அனாயாசமாகத் தூக்கிப் போடுகிற ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். ஜெராக்ஸ் கடை முதலாளி அவ்வப்போது போனில் ஒரு கல்யாணப் பத்திரிகையை அனுப்பி, எழுத்துப் பிழை இருக்கிறதா பாரம்மா என்பார். பிழை பார்க்க அவருக்கே தெரியும். என்னைச் சும்மா படுக்க விடக் கூடாது என்றுதான் அனுப்பினார். செலவில் பெரும்பகுதி காப்பீட்டு அட்டையில் கழிந்தது. மற்றதற்கு வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. பின்வாசலில் கட்டியிருந்த ஆடுகள் இல்லை என்பதை வீட்டுக்கு வந்தபோது நானே பார்த்துக்கொண்டேன்.

பக்கத்து அறையில் கமுதிப் பக்கத்து ராஜாத்தி இருந்தாள். என் வயதுதான். எனக்குச் சொன்ன அதே நோயின் பெயர், அதே சிவப்பு மருந்து. நடக்கவிட்ட நாட்களில் வராந்தாவில் முகமூடியோடு நின்று பேசிக்கொள்வோம். இரண்டு மொட்டைத் தலைகளும் சேர்ந்தாற்போல் நடந்தால் பழனிக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்பாள். முதல் சுற்று முடிந்து மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் கெட்ட அணு கண்ணில் படவில்லை. என் தோல் கட்டிகளும் அமுங்கி, கறுத்த தழும்பாகிவிட்டன. அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காப்பி வாங்கிக் குடித்தோம். வாய்ப்புண்ணில் அது எரிந்த எரிச்சல்கூடச் சந்தோஷமாக இருந்தது.

ஜீன் டெஸ்ட் முடிவு அதற்குப் பிறகு வந்தது. டாக்டர் வீட்டுக்காரரோடு நிறுத்தாமல் எல்லாரையும் கூப்பிட்டார். அத்தையும் வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஜீன் என்றதும் பரம்பரை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இது அப்படியில்லை, அப்பா அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை, மகளுக்குப் போகப்போவதும் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டார். எனக்கு அதிலேயே பாதி மூச்சு வந்தது. உடம்பில் எந்த அணுவை எடுத்தாலும் ஏறக்குறைய எல்லா ஜீனும் அதற்குள் இருக்கும். எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும், எந்த அளவுக்கு, எந்த நேரத்தில் என்கிற கட்டுப்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளை அணுவுக்கு நடக்கத் தெரியும். காலில் முள் குத்தினால் ரத்தக் குழாயை விட்டு வெளியேறி, அந்த இடத்துக்கு நகர்ந்து போய்க் கிருமியைத் தின்பது அதன் தொழில். நகர்வதற்கும், போன இடத்தில் ஒட்டிக்கொள்வதற்கும் ஜீன்கள் இருக்கின்றன. அணு முதிர்ந்த பிறகு அவை முழுதாக வேலை செய்தால் போதும். என்னுடைய பிஞ்சு அணுக்களில் அப்படி ஒரு ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்த் தெருவிளக்கு ஞாபகம் வந்தது. பஞ்சாயத்தில் அணைக்க வேண்டியவர் அணைக்காமல் விட்டால் உச்சி வெயிலிலும் எரியும். பல்பில் ஒரு குறையும் இருக்காது. அதைச் சொன்னேன். டாக்டர் சிரித்து, அதேதான் என்றார். ஜீன் கெட்டுப்போகவில்லை, ஏற்றி அணைக்கிற இடம்தான் கெட்டிருக்கிறது என்றார்.

அப்புறம் சிரிப்பு போய்விட்டது. இப்படி நடக்கத் தெரிந்த பிஞ்சு அணு மஜ்ஜையை விட்டுக் கிளம்பித் தோல், ஈறு என்று போய்த் தங்கும். மருந்து சரியாக எட்டாத மூலைகளிலும் ஒன்றிரண்டு பதுங்கிக்கொள்ளும். கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. ராஜாத்திக்கு அந்த ஜீன் அடங்கியே இருந்ததாம். அதை டாக்டர் சொல்லவில்லை, அவளே பிறகு சொன்னாள். ஆக ஒரே பெயருள்ள நோய், ஒரே மருந்து, ஆனால் முன்னே கிடக்கிற பாதை வேறு. எனக்கு நோய் திரும்பி வருவதற்கான வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். மஜ்ஜை மாற்றுவது நல்லது என்றார். என் அக்காவின் மஜ்ஜை எனக்குப் பொருந்தாது என்று ஏற்கனவே தெரிந்திருந்தது. வெளியே ஆள் தேடுவோம், அதுவரை மீதிச் சுற்று மருந்துகளை முடிப்போம் என்றார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவோரத்திலிருந்து அத்தை கேட்டார்.

"நாந்தாம்மா இவளை வீட்டுலயே வச்சிருந்தேன். முன்னாடியே கூட்டியாந்திருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இல்லம்மா," என்றார். "அது ஆரம்பத்துலயே நடக்கத் தெரிஞ்ச அணு. நீங்க கூட்டிட்டு வந்த நாள் அதை மாத்தியிருக்காது."

அந்த ஒரு வார்த்தையில் அத்தைக்கு விடுதலை கிடைத்தது, எனக்குத் தீர்ப்பு கிடைத்தது. அது முழு உண்மையா, ஒரு கிழவியைப் பார்த்து இரங்கிச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை டாக்டரைப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் என்னைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்ததே அத்தை மேலிருந்த ஆத்திரம்தான். இவரால் வந்தது, இவர் மட்டும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்று நினைப்பதில் ஒரு பிடிமானம் இருந்தது. அதுவும் கையை விட்டுப் போனபோது நான் அழுதேன். நோயைக் கேட்டபோதுகூட அப்படி அழவில்லை.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு போய்விட்டார். அத்தை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த முத்து?" என்றார்.

பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினேன். முத்து இல்லை அத்தே, அந்தக் கெட்ட அணுதான் தோலுக்கு வந்து உட்கார்ந்திருந்தது என்றேன்.

"ஆத்தா வரவே இல்லையா?"

இல்லை என்றேன்.

அவருக்கு அழுகை வரவில்லை. வெயிலில் நடந்து வந்தவர் போல உதட்டை நக்கிக்கொண்டார். கூழ் கரைத்தது, தாளிக்காமல் சமைத்தது, தன் பிள்ளையை வண்டியில் படுக்க வைத்தது, இரண்டு கையாலும் இளநீரை நீட்டியது எல்லாம் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"அப்ப இத்தன நாளும் நான் யாருக்குத் தாயி வேப்பில கட்டுனேன்?" என்றார்.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கிருமிக்குப் பயந்து யாரையும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை.

மீதிச் சுற்றுகள் மழைக்காலம் வரைக்கும் நடந்தன. போகும்போது கரிசல் வெடித்துக் கிடந்தது, முடித்துத் திரும்பும்போது கொத்தமல்லியும் சோளமும் முளைத்திருந்தன. மகள் திருச்சுழியிலிருந்து வந்துவிட்டாள், என்னைவிட உயரமாகியிருந்தாள். தலையில் முடி முளைத்தது. முன்பு நீளமாக இருந்தது இப்போது பூனை முடி மாதிரி மெத்தென்று சுருண்டு வந்தது. தைப் பொங்கல் கழிந்து, அரை நாள் மட்டும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். மஜ்ஜைக்கு வெளி ஆள் இன்னும் பொருந்தவில்லை. கையில் சொறி சிரங்கு எது வந்தாலும், ஈறு வீங்கினாலும், நாங்கள் செய்த மாதிரி செய்யாமல் ரத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். அம்மை என்றாலும் டாக்டரிடம் காட்டலாம், ஆத்தா கோபித்துக்கொள்ளமாட்டாள். அத்தையே இப்போது அப்படித்தான் சொல்கிறார். ஆனால் இந்த வருஷம் அவர் அக்கினிச்சட்டிக்குக் காப்புக் கட்டப்போவதில்லை. ஏன் என்று ஊரில் கேட்டால் மூட்டு வலி என்கிறார்.

இதுவரை உள்ளதை மாசிக் கடைசியில் அடித்து முடித்தேன். கடை முதலாளி படித்துவிட்டு, நல்லபடியாக முடிந்திருக்கிறதம்மா என்றார். கீழே இருப்பதை இன்றைக்கு விடியுமுன் கையால் எழுதிச் சேர்க்கிறேன்.

பங்குனி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. நிஜ அம்மைதான், நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் அத்தை எனக்குக் குளிக்கத் தண்ணீர் ஊற்றினார். மருந்து ஏற்றிய கையை இன்னும் முழுதாகத் தூக்க முடிவதில்லை என்பதால் முதுகு தேய்த்துவிடுவது அவர்தான். தேய்த்துக்கொண்டே வந்த கை ஓர் இடத்தில் நின்றது. தோள்பட்டைக்குக் கீழே, எனக்கு எட்டாத இடம். அவர் விரல் அங்கே ஒருமுறை அழுத்தியது. இன்னொருமுறை அழுத்தியது. தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கிற அந்த அழுத்தம் எனக்குத் தெரியும்.

அவர் மொண்டு வைத்திருந்த தண்ணீரை ஊற்றி முடித்தார். துண்டால் துடைத்துவிட்டார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். நாலு வீடு தள்ளித்தானே அந்தக் குழந்தை இருக்கிறது, காற்றிலேயே வருமே. இத்தனை எழுதினவள், இத்தனை பேருக்கு விளக்கம் சொன்னவள், அந்த நேரத்தில் எனக்கு அது அம்மையாக இருந்தால் போதும் என்று இருந்தது. வாசலில் வேப்பிலை கட்டட்டும், தாளிக்காமல் சமைக்கட்டும், என் தலையில் சீப்பு வைக்காமல் இருக்கட்டும், ஆத்தா வந்திருக்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

"அம்மைதானே அத்தே?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்து, "எய்யா, காலையில லோடு வேண்டாம்னு சொல்லிரு. மதுரைக்குப் போகணும்," என்றார். பிறகு மாடத்துக்குப் போனார். அங்கேயிருந்து சீப்பை எடுத்து வந்து, எனக்குப் பின்னால் நின்று, பூனை முடியாக முளைத்திருந்த என் தலையை மெதுவாகச் சீவிவிட ஆரம்பித்தார்.